பத்து மணிக்கு நான் வீட்டில் இருந்தேன்

1955ஆம் வருடம், ஜூன் முதல் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி. காரைக்காலில் அன்று இலை அசையவில்லை. கஜானா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதுதான் முதல் ஓய்வு நாள். வீட்டிலேயே கொல்லைப்புறத் தாழ்வாரம் ஒன்றுதான் குளுமையான இடம் என்பதால், சாய்வு நாற்காலியை அங்கே போட்டுச் சாய்ந்திருந்தேன். எதிரே கொல்லைக் கதவு அரையடி திறந்தது, உடனே மூடிக்கொண்டது. ஆடு முட்டியிருக்கும் என்று எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டேன். என் மனைவிக்கு இருந்த ஒரே சிநேகிதியை வெளியே நிறுத்தித் தாழிட்டுவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

ஓய்வுக்கு நான் ஐந்து வருடம் திட்டம் போட்டவன். பென்ஷன் இவ்வளவு, பூவம் கிராமத்து நிலத்திலிருந்து நெல் இத்தனை மூட்டை, வைத்தியச் செலவுக்கு இவ்வளவு என்று எல்லாம் முடிவாகியிருந்தது. நாள் முழுவதும் என்ன செய்வது என்பதற்கு மட்டும் திட்டம் இல்லை. வீட்டில் இருப்பது என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். "இனிமே காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உன்கூடத்தான்" என்று மனைவியிடம் சொன்னபோது அவள், "பத்து மணிக்குக்கூட எங்கயும் போக மாட்டீங்களா?" என்று கேட்டாள். ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்தவன் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. கத்தரிக்காய் எத்தனை, அடுப்பில் எத்தனை விறகு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஆபீஸ் போனா என்ன, கணக்குப் பாக்கத்தான் என் அடுப்படி கெடச்சுதே!" என்றாள் ஒரு நாள். முதல் வாரம் இரண்டு தடவை அவள் கொல்லை வழியாக எங்கோ போனாள். இரண்டு தடவையும் காபிக்காகக் குரல் கொடுத்தேன். அதன் பிறகு போகவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. சமையலில் ஒரு நாள் உப்பிருக்கும், ஒரு நாள் இருக்காது. டாக்டரிடம் அழைத்துப் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

ஒன்பது மாதம் இப்படியே போனது. ஒரு நாள் பின் தெருவிலிருந்த மரைக்காயர் வாசலில் வந்து நின்றார். சைகோனில் பல வருடம் கடை வைத்திருந்து, சமீபத்தில்தான் ஊர் திரும்பியவர். மகன் நாகூரில் வீடு வாங்கிவிட்டானாம். மறுநாளே குடும்பத்தோடு போகிறோம் என்று சொல்லிக்கொள்ள வந்திருந்தார். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க வேலையிலேருந்து நின்னாலும் நின்னீங்க, எங்க வூட்டுல எனக்கு நிம்மதி போச்சு. நா சைகோன்ல கெடந்த காலமெல்லாம் எங்க வூட்டுக்காரங்களுக்கு உங்க வூட்டு அம்மாதான் துணை. தெனம் பத்து மணிக்குக் கொல்லை வழியா உங்க வூட்டுக்கு வந்துடுவாங்களாம். நீங்க நேரா எதுத்தாப்புலயே நாற்காலியப் போட்டுக் குந்திட்டீங்க. ஆம்பளை இருக்குற எடத்துக்கு அவங்க எப்படி வருவாங்க, சொல்லுங்க?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே போய், "ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று மனைவியிடம் கேட்டேன். புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"சொந்த வீட்டுல இருக்கறவங்கள வெளிய போங்கன்னு எந்த வாயால சொல்றது?"

மரைக்காயர் வீட்டு அம்மாளின் முகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் மகள்களின் பிரசவம், நான் டைபாய்டில் கிடந்தது, பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மாதத்தில் என் வேலை என்னாகுமோ என்று நான் தூங்காமல் இருந்தது எல்லாமே அவருக்குத் தெரியும். என் வீட்டில் தினமும் இரண்டு மணி நேரம் நான் அறியாத ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது. ஊருக்குக் கிளம்புமுன் அவர் வந்து போகட்டும் என்று மறுநாள் காலையிலேயே குடையோடு வெளியே போய்விட்டேன். அரசலாற்றுக் கரையில் நின்றேன். போக ஒரு இடம், பேச ஒரு ஆள் எனக்கு இந்த ஊரில் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. திரும்பியபோது மனைவி கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் வந்து அழுதுவிட்டுப் போனாராம்.

அடுத்த மாதம் மனைவியை நாகூருக்கு அழைத்துப் போனேன். மரைக்காயரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவளே கிளம்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தட்டுல வச்சு சர்பத் குடுத்தாங்க. அவங்க மருமக பக்கத்துலயே நின்னுது. உடம்பு எப்படி இருக்குன்னு அவங்க கேட்டாங்க, நானும் கேட்டேன். விருந்தாளியா போய் என்னத்தங்க பேசறது? இனிமே வேண்டாம்."

இப்போதும் தினம் பத்து மணிக்கு நான் வெளியே போகிறேன். "வெயில்ல எங்க போறீங்க, யாரு வரப்போறா?" என்கிறாள். ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பது என்பதை என் வசதியை மட்டும் பார்த்து முடிவு செய்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி வாழ்ந்துகொண்டிருந்தாள் என்பதை யோசிக்கவில்லை. அதைச் சரிசெய்ய நான் எடுத்த ஒரே முயற்சிக்கு, இரண்டு பேருக்கும் போக வரப் பஸ் கட்டணம் ஒரு ரூபாய் எட்டணா.