அந்துவான் போட்ட வழி

ஓட்டல் கேட்டை விட்டு நூறடி நடந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். காவலாளி மரியாதையாகத்தான் சொன்னார்: "உள்ள தங்கியிருக்கறவங்க மட்டுந்தான் கடல் பக்கம் போவலாம், பெரியவரே." அவர் மேல் தப்பில்லை. அந்த ஓட்டலின் கடல் பக்கத்தை ஒரு தடவை பார்க்கலாமே என்று போனேன், அவ்வளவுதான்.

ஒரு செருப்பில் வார் அறுந்திருந்தது. காலை இழுத்துக்கொண்டு ஐஸ் பேக்டரியின் பின்சுவரைத் தாண்டும்போது அமோனியா மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த நாற்றம் உங்களுக்கு ஐஸை ஞாபகப்படுத்தலாம். எனக்கு அந்துவானைத்தான்.

எழுபதுகளின் கடைசியில், எட்டாவதைப் பாதியில் விட்டு, பல வருஷம் லாரி கிளீனராக அலைந்து, புதுச்சேரிக்கு வந்தவன் நான். லாரிக்காரர் ஒருநாள் இறக்கிவிட்டார். இறங்கிய ஊரிலேயே தங்கிவிட்டேன். நகரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்து மணலில், கட்டுமரத்து ஓரமாகப் படுக்கை. பெரிய கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மழைக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் கடலும் உள்ளே வரும். வைகாசியில் எண்பது தப்படி கிடந்த மணல் கார்த்திகையில் இருபதுகூடத் தேறாது. கட்டுமரங்களைத் தென்னை வரிசைக்குப் பின்னால் இழுத்துப் போடுவார்கள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போவேன். இப்படி இரண்டு ஐப்பசி பார்த்தேன்.

பிறகுதான் கட்டடப் படம் வரையும் அந்த ஆபீசில் வேலை கிடைத்தது. முதலாளியை எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரான்சில் படித்தவர். என் வேலை பிரிண்ட் எடுப்பது. மெழுகுத்தாள் மாதிரி இருக்கும் ட்ரேசிங் தாளில் மையால் படம் போட்டிருப்பார்கள். அதை மருந்து பூசிய பிரிண்ட் தாளின் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு மருந்துத்தாளைச் சுருட்டி, அடியில் அமோனியாக் கிண்ணம் வைத்த மரப்பெட்டிக்குள் நிறுத்தினால் கோடுகள் நீலமாக எழும்பி வரும். பெட்டியைத் திறக்கிறவன் அழாமல் திறக்க முடியாது. அந்த ஆபீசில் நான் எதற்கு அழுதாலும் யாரும் ஏனென்று கேட்டதில்லை. வசதிதான்.

அந்துவான் என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் நான் அவனை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குகிறவர். அந்துவானுக்கு மூன்று பாஷை, ஒரு சைக்கிள், ஜெர்மன் பேனா. அவன் கோடு இழுத்தால் மை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாது. எல்லோரும் போன பிறகு, வீணான தாளில் அவன் எழுத்தைப் பார்த்து எழுதிப் பழகுவேன். என் கோடு ஒவ்வொன்றும் கோழி நடந்த மாதிரி இருக்கும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தினமும் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்து, "சாப்டுப்பா, வெயில்ல நிக்கற" என்பான். அந்த ரொட்டியையும் பொறாமையோடுதான் மென்றேன்.

எண்பத்தி ஒன்றோ இரண்டோ, ஆபீசுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. அதே குப்பத்துக்குத் தெற்கே அரை மைல் கடற்கரை. கீழே கடைகள், மேலே குடியிருப்பு, ஒரு கோடியில் ஓட்டல், மறுகோடியில் மீன் மார்க்கெட். அத்தனைக்கும் முன்னால், கடலை ஒட்டி, முழு நீளத்துக்கும் ஒரு வழி. அது முசே சொன்னதில்லை, அந்துவானே போட்டது.

"எங்கயும் கேட்டு கூடாது முசே. கையில காசில்லாதவன்கூட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும்" என்றான். முசே அவன் தோளைத் தட்டினார்.

கடற்கரையிலேயே கிடந்து, நடந்து, அலைந்தவன் நான். கையில் காசில்லாதவனும் நான்தான். எனக்குத் தோன்ற வேண்டியது சைக்கிள் வைத்திருக்கிறவனுக்கு எப்படித் தோன்றியது?

அளக்கப் போனது வைகாசியில். நாடாவின் ஒரு முனையை அந்துவான் பிடித்தான், மறுமுனையை நான். மணல் பொரிந்து கிடந்தது. கடலோரம் வரைக்கும் போய், "இதுவரைக்கும் காஞ்ச மணலு. இங்கயே முளை அடிப்பா" என்றான்.

முளைக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சிரித்துக்கொண்டே, "இந்த வழி ஒன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தாம்ப்பா போடறேன்" என்றான்.

நான் முளையை அடித்தேன். நாலே தட்டில் இறங்கிவிட்டது.

அந்த முளைக் கணக்கை வைத்து மையில் படம் போட்டு, அட்டையில் மாடல் செய்து, குப்பத்துக்காரர்களுக்குக் காட்ட முசேயோடு எடுத்துப்போனோம். மீன் விற்கிற தனபாக்கியம் அம்மாள் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்னா சாமி, கோடு மாதிரி?"

"நீங்க எல்லாம் நடக்கற வழிம்மா" என்றான் அந்துவான்.

"நடக்கறதா? ஐப்பசில வந்து பாரு, இதுமேல வஞ்சிரம் போவும்!"

கூட்டம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். "டேய், நீ எங்க மரத்தோரம் படுத்துக் கெடந்தவன்தான? ரெண்டு ஐப்பசி எங்ககூடப் பாயத் தூக்கினு ஓடுனியே! ஏன் சாமி, இவனக் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பானே!"

அந்துவான் என் பக்கம் திரும்பவில்லை. முசேதான் திரும்பிப் பார்த்தார்.

ஆபீசுக்கு வந்ததும் அந்துவான் எல்லாவற்றையும் அறுபது தப்படி பின்னால் தள்ளிவிடலாம் என்றான். முசே தலையாட்டவில்லை. "பென்சில்ல இருந்தப்பவே சொல்லியிருந்தா தள்ளியிருக்கலாம். இப்ப பணம் போடறவங்க படத்தப் பாத்து ஒத்துக்கிட்டாங்க. பின்னாடி தள்ளுனா கடை கொறையும். வழிய எடுத்துரு."

மையை அழிக்க ரப்பர் உதவாது. பாதி பிளேடால் தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும். அந்துவான் பிளேடை எடுத்தான், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான், பிறகு என்னிடம் நீட்டினான்.

"ஒனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும் சார்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

சாயங்காலம்வரை சுரண்டினேன். அரை மைல் வழி தூளாகி என் மடியில் விழுந்தது. அன்றைக்குத்தான் என் கை நடுங்கவே இல்லை. பிளேடை அவன் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அந்துவான் பிரான்சுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கடைகளும் குடியிருப்பும் மார்க்கெட்டும் வரவேயில்லை. பல வருஷம் கழித்து ஓட்டல் மட்டும் வந்தது, கேட்டோடு. அதற்குள் மணலே போய்விட்டது. வைகாசியிலும் இப்போது கருங்கல் அடுக்கில்தான் அலை மோதுகிறது. முளை அடித்த இடம் தண்ணீருக்குள் எங்கேயோ இருக்கிறது. எப்படியும் போயிருக்கும் வழிதானே என்று மனசைத் தேற்றிப் பார்ப்பேன். தேறாது. அறுபது தப்படி தள்ளியிருந்தால் இன்று அந்தக் காவலாளி நிற்கிற இடத்தில் நான் நடந்துகொண்டிருப்பேன். அதைவிடக் கேவலம், எனக்கு இன்னும் அந்துவான் மேல் பொறாமைதான். அவனிடம் அழிக்கிற அளவுக்கு ஒன்று இருந்தது.

அன்றைக்கு ஆபீசை விட்டுக் கிளம்பியவன், மறுநாள் காலையிலேயே ஐஸ் பேக்டரிக்குப் போனேன். பாளம் இழுக்க ஆள் வேண்டுமென்றார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அமோனியா நாத்தம் கண்ணக் கரிக்கும். தாங்குவியா?"

"பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டுக் கொக்கியை வாங்கிக்கொண்டேன்.