பாயுறையும் நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினைந்தும்

பதிவேட்டின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடித்த பின்னரே ஹெப்ரான் பேனாவைத் திறக்கிறார். பாளையங்கோட்டையில் உள்ள அந்தக் காவல் நிலையத்தில், நிபந்தனைப் பிணையில் இருப்பவர்கள் நாள்தோறும் காலை பத்தரைக்கும் பதினொரு மணிக்கும் இடையில் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் நின்றவாறே கிறுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். ஹெப்ரான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, நிலையத்தின் பெயர், வழக்கின் எண், நேற்றைய தேதி, நேற்றுத் தாம் இட்ட கையெழுத்து ஆகிய அனைத்தையும் விரல் வைத்துப் படிக்கிறார்.

"நூத்தி எழுவது நாளா இதேதானவே எழுதியிருக்கு. என்னத்தப் படிக்கீரு? பரிச்சைக்கா போறீரு?" என்று ஏட்டு இசக்கிப்பாண்டி கேட்பார்.

"படிக்காமப் போட்டுத்தான ஏட்டையா இங்கன வந்து உக்காந்திருக்கேன்."

தச்சநல்லூரில் உள்ள வீட்டிலும் இவ்வழக்கம் மாறுவதில்லை. மகளின் மதிப்பெண் அட்டையில், பின்பக்கத்தில் இருந்த அச்சகத்தின் முகவரிவரை படித்த பிறகே அவர் கையெழுத்திட்டார். கூரியர் கொண்டுவருபவர் இப்போது அவருடைய பொதிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஹெப்ரானுக்கு முப்பத்தெட்டு வயது. ஈராண்டுகளுக்கு முன்புவரை அவர் 'சிற்றாறு' நிறுவனத்தின் செயல்பாட்டு இயக்குநர். வண்ணார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அந்நிறுவனம் இயங்கியது. உள்ளங்கையில் அடங்கும், செம்பு நிறமுள்ள வீடியோ கேம் கருவி ஒன்றை அது செய்து விற்றது. கருவியில் ஒரே விளையாட்டுத்தான் உண்டு. தேரை நான்கு வீதிகளிலும் இழுத்துச் செல்ல வேண்டும். இடப்பக்கப் பொத்தான் வடத்தை இழுக்கும். வலப்பக்கப் பொத்தான் சக்கரத்தைத் தடுத்துத் திருப்பச் சறுக்குக்கட்டை கொடுக்கும். ஒவ்வொரு சரியான அழுத்தத்துக்கும் ஐந்து புள்ளிகள். கட்டை கொடுக்கத் தவறினால் தேர் வாகையடி முக்கில் உள்ள வளையல் கடைக்குள் புகுந்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும்; எடுத்த எண் அடுத்த ஆட்டம்வரை திரையில் நிற்கும். ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது. சிக்கனம் கருதி அதனை நீக்கலாம் என்ற தாளில் ஒப்பமிட்டவர் ஹெப்ரான்.

இயக்குநர்கள் மூவர். முதன்மைச் செயல் அலுவலரான ஷிபின் நன்றாகப் பேசுவார். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பெனோவுக்கு நன்றாக உடுத்தத் தெரியும். ஹெப்ரானின் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆகவே தாள்கள் எல்லாம் அவரிடமே வந்தன.

கருவிக்கு ஓர் உறை வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ஷிபின் பத்தமடைக் கோரையில் நெய்த உறை ஒன்றை மேசைமேல் வைத்தார். பட்டுப்போல் மடங்கும் மெல்லிய பாய். ஓரத்தில் சிவப்புக் கரை. கருவியை வெளியில் எடுக்காமலேயே விளையாடலாம். திரைக்கும் பொத்தான்களுக்கும் மட்டும் திறப்பு இருந்தது.

"மிசினு சூடாயிருமேலே?" என்று பெனோ கேட்டார்.

"ஏலே, பத்தமடைப் பாயில படுத்தா ஒனக்குச் சில்லுனு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்பம் மிசினுக்கு மட்டும் இருக்காதோ?"

மறுத்துப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. மூவரும் பிறந்தது முதல் அந்தப் பாயில் உறங்கியவர்கள். பாயின் குளிர்ச்சியைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஐயம் எழலாம். நெல்லைச் சீமையில் எழாது. நாற்பது மணி நேர வெப்பச் சோதனை உறையில்லாமல் நடந்தது. உறையோடு நடந்ததாகத் தாள் அச்சாகி வந்தது. கீழே பொதி வண்டி இயந்திரத்தை அணைக்காமல் நின்றிருந்தது. ஹெப்ரான் தம்முடைய அழகிய கையெழுத்தை இட்டார்.

சித்திரையில் கருவிகள் வீங்கத் தொடங்கின. உயிருக்கு ஊறு நேரவில்லை. இரண்டு தலையணைகளும் ஒரு வேட்டியும் கருகின. ஆனி பிறப்பதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மாடியை மீட்டுக்கொண்டார். ஷிபின் வெளிநாட்டில் இருப்பதாக அவருடைய தாயார் சொல்கிறார்; உள்நாட்டில்தான் இருப்பதாகக் காவல்துறை சொல்கிறது. பெனோ தம் மாமனாருடைய திருமண மண்டபத்தை மேற்பார்வை செய்கிறார்; விசாரணை நாள்களில் மட்டும் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. சோதனைத் தாளில் பெயர் இருந்தவர் ஹெப்ரான் ஒருவரே.

புகார் கொடுத்தவர்கள் நாற்பத்து மூவர். அனைவரும் 'எமக்குக் குறையில்லை' என்று எழுதித் தந்தால், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை முடித்துவிடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். ஒருவர் மறுத்தாலும் விசாரணை நடக்கும். அதன் முடிவில் சிறையும் இருக்கலாம். ஹெப்ரான் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பட்டறையாக்கினார். கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கி வந்து, வெந்த மின்சுற்றுப் பலகையையும் வீங்கிய மின்கலத்தையும் மாற்றிக் கொடுத்தார். உறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆசிரியையான அவர் மனைவி ரீபா அவற்றுள் ஒன்றில் தேநீர்ச் செம்பை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரம் சூடு ஆறவில்லை. ஹெப்ரான் அதனைத் தேதியிட்டு ஒரு தாளில் குறித்து, படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்து சேர்ந்தன. எஞ்சியவர் மேலப்பாளையம் நூர்முகம்மது. வேட்டி கருகியவர் அவரே. எனினும் அவருடைய குறை வேட்டியைப் பற்றியது அன்று. கால் முறிந்து நாற்பத்தொரு நாள் மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது, அவர் அந்தத் தேரை இழுத்து 48,215 புள்ளிகள் எடுத்திருந்தார். ஹெப்ரான் மாற்றிய புதுப் பலகையில் பூச்சியம் நின்றது.

"எம் மச்சான் காயப்பட்டணத்துல இருக்காரு. அவரு எடுத்தது நாப்பத்தெட்டாயிரத்தி நூறு. நான் ஜெயிச்சேன்னு சொன்னா, மிசினக் காட்டும்ங்காரு. என்னத்தக் காட்ட? இந்த முட்டையவா?"

"பழைய பலகை எரிஞ்சு போச்சு அண்ணாச்சி."

"எரிச்சது யாருவே? நான் கையால இழுத்தது. நீரும் கையால இழுத்து அங்கன கொண்டாந்து நிப்பாட்டும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். அன்னைக்கே கடுதாசி தாரேன்."

கம்பி ஒன்றைச் செருகிக் கணினியிலிருந்து அந்த எண்ணை ஏற்றிவிட இரண்டு நிமிடம் போதும். அதை ரீபாவிடம் சொன்னவரும் ஹெப்ரானே.

"அப்ப ஏத்திட்டுப் போங்களேன். அவருக்கு எப்படித் தெரியப் போவுது?" என்றார் ரீபா.

"சூடு பாத்தாச்சுன்னு போட்ட கையெழுத்தும் ரெண்டு நிமிசந்தான் ரீபா. அதுவும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதான் போட்டேன்."

ரீபா பெருவிரல்களில் ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தார்.

தம் நிறுவனத்தின் விளையாட்டை ஹெப்ரான் அதுவரை ஒருமுறையும் ஆடியதில்லை. முதல் வாரத்தில் வளையல் கடை நாளொன்றுக்கு இருபது முறை நொறுங்கியது. மூன்றாம் வாரத்தில் விரல்கள் பழகின. அந்த எண்ணைத் தொட ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் விடாமல் இழுக்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை, நகரப் பேருந்தில் 48,215 வந்துவிட்டது. அந்நேரம் ஆற்றுப்பாலத்தின்மேல் ஓட்டுநர் திடீரென்று வண்டியை நிறுத்த, விரல் ஒருமுறை அழுந்தி 48,220 ஆகிவிட்டது. ஹெப்ரான் அதனையும் மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

நூர்முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இழுத்திருக்கீரு. ஆனா இது ஒம்ம தேருவே. எந்தேரு அஞ்சு பின்னால நிக்கி."

திங்கட்கிழமை மதுரையில் வழக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கடிதம் வழக்கறிஞரின் கையில் இருக்க வேண்டும். ஆகவே வியாழக்கிழமை ஹெப்ரான் பேருந்தை நம்பவில்லை. காலை ஏழரை மணிக்கே காவல் நிலையத்து விசுப்பலகையில் அமர்ந்து தேரை எடுத்துவிட்டார்.

பத்தரைக்குப் புள்ளிகள் நாற்பத்திரண்டாயிரத்தைத் தாண்டின. பத்து நாற்பதுக்கு ஏட்டு கூப்பிட்டார்.

"ஹெப்ரான், கையெழுத்து."

ஹெப்ரான் வடத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"யோவ், ஒம்மத்தான். பதினோரு மணி அடிச்சா வரலைன்னு எழுதிருவேன், பாத்துக்கிடும். பொறவு ஜாமீனு போச்சுன்னு எங்கிட்ட வந்து அழப்பிடாது."

"பைய, ஏட்டையா. வாகையடி முக்கு."

பிணையில் கையெழுத்திட வந்த மற்ற இருவரும் தேநீருக்குப் போகாமல் விசுப்பலகையின் பின்னால் நின்றுகொண்டார்கள். ஏட்டும் எழுந்து வந்தார். எண் 48,190 ஆயிற்று, 48,200 ஆயிற்று. "கட்டயக் குடும்வே, கட்டய!" என்று ஏட்டு கத்தினார். ஹெப்ரான் கட்டை கொடுத்தார். வடத்தை இருமுறை இழுத்தார். திரையில் 48,215 வந்தது.

ஹெப்ரான் இரண்டு பெருவிரல்களையும் கருவியிலிருந்து எடுத்து, அந்தரத்தில் விறைப்பாக நீட்டிக்கொண்டார். இழுப்பாரும் தடுப்பாரும் இல்லாத தேர், தானாகச் சாய்ந்து, வீதியைக் கடந்து, வளையல் கடைக்குள் பைய நுழைந்தது. கடை நொறுங்கி முடியும்வரை அவர் அசையவில்லை. எண் அப்படியே நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐம்பத்தேழு. ஏட்டு ஓடிப்போய்ப் பதிவேட்டையும் பேனாவையும் தாமே கொண்டுவந்து அவர் மடிமீது விரித்தார்.

"மூணு நிமிசந்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது படிக்காமப் போட்டுத் தொலையும்வே!"

ஹெப்ரான் கருவியைச் சட்டைப்பையில் வைத்தார். பிளாஸ்திரி ஒட்டிய பெருவிரலைப் பக்கத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்து, நிலையத்தின் பெயரிலிருந்து படிக்கத் தொடங்கினார்.