மூன்றடி ஏரி

எங்கள் வீட்டில் ஓர் ஏரி இருந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஆழம், அதுவும் மாடியில். தண்ணீர் நின்றது இரண்டே நாள் என்பதால் கடலூர் வரைபடத்தில் இடம் கிடைக்கவில்லை.

கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரியில் ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. மழைக்காலத்தில் லீவு கிடைக்காது, கோடையில் வேலை கிடையாது. நான் ஐந்தாவது முடித்திருந்த கோடையில், திருப்பாப்புலியூரில் நாங்கள் குடியிருந்த மாடிக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் கேட்டிருந்தது ஒரு பாட்டில், அதில் இரண்டு மீன். அவ்வளவுதான்.

"பாட்டில்ல மீனா? நின்ன தண்ணி நாறிப்போயிடும் மாப்ள. வரத்துன்னு ஒண்ணு இருந்தா போக்குன்னு ஒண்ணு இருக்கணும்" என்றார்.

அப்பா தொட்டியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். காரணம், கீழே குடியிருந்த வீட்டு ஓனர். அப்பாவின் ஆபீஸ், என் பள்ளிக்கூடம், ரயில்வே ஸ்டேஷன் மூன்றுக்கும் நடந்தே போகிற மாதிரி அலைந்து பிடித்த வீடு அது. சாவி கொடுத்தபோதே ஓனர் சொல்லிவிட்டார்: "மேலேருந்து ஒரு சொட்டு கீழ எறங்குனாலும் காலி பண்ணிடணும் சார்." எங்களுக்கு முன் இருந்தவர்கள் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்வந்து, பிரிக்காத பெட்டியோடு அப்படியே கிளம்பினார்களாம்.

மாமா இதைக் காதில் வாங்கிக்கொண்டு மூன்று நாள் தரையில் சாக்பீஸால் படம் போட்டார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்துக்குக் கலுங்கு என்று பெயர். தொட்டிக்கும் ஒரு கலுங்கு வைத்தார். பின்பக்கக் கண்ணாடியின் ஒரு மூலையை இரண்டு விரல் தாழ்வாக வெட்டி, வெளியே சின்னதாகக் கண்ணாடிப் பெட்டி ஒட்டி, அதிலிருந்து ஒரு பைப்பைக் கீழே இருந்த பிளாஸ்டிக் டிரம்முக்கு இறக்கினார். டிரம்மில் பஞ்சும் கல்லும் தண்ணீரை வடிகட்டும். பழைய ஏர்கூலரின் மோட்டார் அதை இன்னொரு பைப் வழியாக மேலே ஏற்றும். அந்தப் பைப் தொட்டியின் விளிம்பைத் தாண்டி அடிமட்டம் வரை இறங்கியிருந்தது. சத்தம் வராது என்றார்.

"மச்சான், புள்ள மீனு கேட்டா நீ மேட்டூருக்கே பிளான் போடுறியே" என்றார் அப்பா.

"மாமா, கலுங்கு இல்லாத ஏரி எங்கனா பாத்திருக்கீங்களா? நீங்க பேப்பர் படிங்க" என்று மாமா தன் அக்கா வீட்டுக்காரரை அடக்கினார்.

சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி, மூன்று கோல்டு பிஷ் விட்டோம். விஷயம் கீழே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாக ஓனர் சொல்லியனுப்பினார். அப்பா காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், உடனே வேறு வீடு பார்க்கக் கிளம்ப வேண்டியிருந்தால் வசதி என்பதுபோல.

ஒன்பதே முக்காலுக்கு நான் அதைக் கண்டுபிடித்தேன். மேலே ஏறும் பைப்பில், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. அதிலிருந்து மெல்லிய நூலாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள்ளேதான் விழுந்தது. ஆனால் ஒழுகல் ஒழுகல்தானே? ஓனர் பார்த்தால் வீடு போகும், மாமாவின் மானமும் போகும். மூன்று நாள் படம் போட்டவர் கடைசியில் ஓட்டைப் பைப்பை வாங்கிவந்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்தது. மாடிப்படியில் ஓனரின் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்குப் பயம் வந்தால் மூளை முதலில் லீவு போட்டுவிடும், கை மட்டும் ஓவர்டைம் பார்க்கும். வாயில் பபுள்கம் இருந்தது. எடுத்து ஓட்டையில் அப்பினேன். நூல் நின்றது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட களைப்போடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஓனர் வந்தார், குனிந்து பார்த்தார், காபி குடித்தார். முகம் இளகியது. "நல்லாத்தான் இருக்குது தம்பி. கரண்டு போச்சுன்னா?"

இந்தக் கேள்விக்காகவே மாமா மூன்று நாளாகக் காத்திருந்தார். "அதுக்குத்தான் ஐயா கணக்கு. டிரம்முல செவப்புக் கோடு பாருங்க. கலுங்குக்கு மேல நிக்கிற தண்ணி மட்டுந்தான் எறங்கும். கோட்டைத் தாண்டாது. தாண்டுனா என் பேரை மாத்திக்கிறேன்." சொல்லிவிட்டு அவரே சுவிட்சை அணைத்தார்.

டிரம்மில் தண்ணீர் ஏறியது. கோட்டைத் தொட்டது. மாமா சிரித்தார். கோட்டைத் தாண்டியது. மாமா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்துக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கி, மீன்கள் முதுகு தெரிய ஓடின. டிரம் நிரம்பி ஹாலில் வழிந்தது.

புயல் எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியதை அம்மா எனக்குப் பாடமாகவே சொல்லிவைத்திருந்தாள். ஒரு நொடியில் ரேஷன் கார்டைப் பாலித்தீன் பைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்து, கட்டில்மேல் ஏறி நின்று கத்தினேன்: "எல்லாரும் மாடிக்கு ஓடுங்க!"

"டேய், இதாண்டா மாடி!" என்றார் அப்பா.

கீழேயிருந்து ஓனர் மனைவியின் குரல்: "ஏங்க, டிவி மேல ஊத்துதுங்க!"

மாமா தொட்டிக்குப் பாய்ந்தார். பைப்பில் விரலை வைத்துத் தடவினார். பிறகு நகத்தால் எதையோ சுரண்டினார். பைப் 'கொர்' என்று காற்றை உறிஞ்சியது, தண்ணீர் நின்றது. விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். கட்டில்மேல் ரேஷன் கார்டோடு நின்ற என்னைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி இது?" என்றார் ஓனர்.

"என் கணக்குத்தான் ஐயா தப்பு. இவுங்க மேல ஒண்ணும் இல்ல. தொட்டி இன்னைக்கே போயிடும்."

கீழே இறங்கிப்போய் ஓனர் வீட்டு ஹாலைத் துடைத்தார், டிவியைக் கழற்றி வெயிலில் வைத்தார், அது மறுபடி படம் காட்டும்வரை மத்தியானம் சாப்பிடக்கூட மேலே வரவில்லை. "தொட்டி போவட்டும், நீங்க இருங்க" என்று ஓனர் சொன்னார். அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் இருந்தோம்.

போன மாதம் என் மகளுக்காக வீட்டில் மீன் தொட்டி வைத்தேன். பொருத்த வந்த பையன், தண்ணீரை மேலே ஏற்றும் பைப்பில் டிரில்லால் ஒரு சின்ன ஓட்டை போட்டான். புது பைப்பில் ஏன் ஓட்டை என்று பதறினேன். "மோட்டார் நின்னா பைப்பு தண்ணிய திருப்பி இழுக்கும் சார், கேன்லேருந்து டியூப் வச்சி மண்ணெண்ணெய் இழுப்பாங்கள்ல, அதுமாரி. இந்த ஓட்டையில காத்து பூந்தா நின்னுடும். இது அடைச்சிக்கிச்சின்னா வீடு காலி" என்றான். நான் உட்கார்ந்துவிட்டேன். மயக்கமா சார் என்று கேட்டு எலக்ட்ரால் வாங்கிவரப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மாமா சிதம்பரம் பஸ் ஏறியிருந்தார். காலித் தொட்டி பஸ் கூரைமேல், மீன்கள் மடியில் இருந்த எவர்சில்வர் குடத்தில். பஸ் கிளம்பும் முன் பெட்டிக்கடைக்குப் போய்வந்து, ஜன்னல் வழியாக என் கையில் ஐந்து பபுள்கம் வைத்தார். "வாயில போட்டுக்க மாப்ள. வாயில மட்டும்" என்றார்.

நான் ஓட்டையை அடைத்ததை மாமா பார்த்திருக்கிறார், யாருக்கும் தெரியாமல் நன்றி சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஓர் ஒழுகலை நான் சரிசெய்து கொடுத்தும் மனிதர் கணக்கில் கோட்டை விட்டுவிட்டாரே என்று இரக்கமாகவும் இருந்தது. அவர் சொன்னபடியே வீட்டில் பேரை மாற்றினோம், 'ஏரி உடைச்சான்' என்று. ஷட்டர் வேலை பார்ப்பவருக்கு அப்படி ஒரு பேர். கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் அப்பா அப்படித்தான் கூப்பிடுவார். மாமாவும் திரும்பிப் பார்ப்பார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.