மேல் பாதி மட்டும் விமானம்

மாமல்லபுரம் தாண்டி ஈசிஆர்ல ஒரு மீன் கடை. அதுக்குக் கூரையே ஒரு பழைய விமானத்தோட மேல் பாதிதான். கீழே மண்தரை, பிளாஸ்டிக் நாற்காலி.

எங்கண்ணன் நாளைக்கு முதல் தடவையா விமானம் ஏறி மஸ்கட் வேலைக்குப் போறான். சரியான பயந்தாங்கொள்ளி. "வா, ஒத்திகை பாக்கலாம்"னு மத்தியானம் கூட்டிக்கினு போனேன்.

அவனை ஒரு நாற்காலில உக்கார வெச்சு, அவன் தலைக்கு மேல, பணிப்பெண்ணைக் கூப்பிடுற பட்டனை அமுக்கினேன். லைட்டு எரிஞ்சுது.

"வயரிங் சூப்பர்க்கா!"ன்னேன்.

மீன் வறுத்துகினு இருந்த கடைக்கார அக்கா திரும்பினாங்க. "கூரைக்கு இன்னும் கரண்டே இழுக்கல தம்பி."

அண்ணன் எழுந்தான், அணைஞ்சுது. உக்காந்தான், எரிஞ்சுது. அதே நாற்காலில நான் உக்காந்தேன், எரியல.

"டேய், பேட்டரிய எங்கடா ஒளிச்சு வெச்ச?"ன்னு அவன் சிரிக்கிறான். இதுவரைக்கும் நான் பண்ணின சேட்டைக்கு வேற எப்படிக் கேப்பான்?

இந்தத் தடவை சத்தியமா நான் இல்ல மச்சான்ஸ். யாராவது "நான்தான் வெச்சேன்"னு கமெண்ட்ல ஒத்துக்கோங்களேன். பிரியாணி வாங்கித் தர்றேன்.