தமயந்தி அக்காவின் ஊசியில் மருந்து இல்லை

“உங்க அப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?” என்று நர்ஸ் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அன்று அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட வீட்டில் உட்கார முடியாமல்தான்.

அப்பா பெயர் முனிகிருஷ்ணன். கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். கான்கிரீட் கொட்டும் முன் பலகை அடிப்பார்கள். அது இறுகியதும் பலகையைப் பிரித்தெடுப்பார்கள். பெங்களூரு காக்ஸ் டவுனில் அப்படிப் பிரித்துப் போட்ட ஒரு பலகை மீது கால் வைத்துவிட்டார். துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது.

நான் விழித்ததைப் பார்த்து அப்பாவே பதில் சொன்னார். “அதெல்லாம் டாக்டரம்மா போட்டாச்சு சிஸ்டர். நேத்துதான்.”

பின்னால் பெரிய வரிசை. நர்ஸ் தலையாட்டி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்.

டாக்டரம்மா என்று அப்பா சொன்னது தமயந்தி அக்காவை. ஜீவனஹள்ளியில் எங்களுக்கு அடுத்த தெருவில், தையல் கடைக்கு மேலே, அக்குபங்சர் பார்க்கிறவர். முன்பு பிரேசர் டவுன் பக்கம் ஓர் அக்குபங்சர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தார். தனித்தனி அறை, ஏசி, மெல்லிய இசை. கட்டணத்தைச் சொல்வது அவர் வேலை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர்கள் அதைக் கேட்டதும் “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று இறங்கிப் போவார்கள்.

“போறப்ப என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க தர்ஷினி. அதுதான் எனக்குத் தாங்கல” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவரே படித்து, பயிற்சி எடுத்து, தனியாகத் தொடங்கியபோது அறைகளே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். ஒருவருக்கு ஊசி வைத்துவிட்டு, அவர் சாய்ந்திருக்கும் நேரத்தில் அடுத்தவரைப் பார்க்கலாம். நிறைய பேரைப் பார்க்க முடிந்ததால், ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினாலே வாடகை கட்ட முடிந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் ஐடி பையன்களும் பக்கத்து பக்கத்தில் காதில் ஊசியோடு தூங்குவார்கள். அப்பா குறட்டையே விடுவார். அந்த இடம் இல்லாவிட்டால் அவர் இடுப்பு வலியோடு எப்போதோ வேலையை விட்டிருப்பார்.

வாசலில் ‘டாக்டர் தமயந்தி’ என்று போர்டு. ‘டாக்டர்’ பிளெக்ஸ் கடைக்காரர் தானாகச் சேர்த்தது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று அக்கா விட்டுவிட்டார்.

ஆணி குத்தி இரண்டு நாள் கழித்து, அப்பா நொண்டிக்கொண்டே இடுப்புக்கு ஊசி வைத்துக்கொள்ளப் போனார். நானும் போனேன்.

“இன்னாண்ணா காலு?” என்றார் அக்கா.

“ஆணி மா. ஒண்ணும் இல்ல, கட்டு போட்டாச்சு.”

“டிடி ஊசி போட்டாங்களா?”

“அதான் அன்னிக்கு இடுப்புக்கு நீ போட்டியே! அங்க கேட்டாங்க, ஆச்சுன்ட்டேன். ரெண்டு தபா எதுக்குக் குத்திக்கணும்?”

எதிர் நாற்காலியிலிருந்த ஃபாத்திமா ஆன்ட்டி காதில் ஊசி ஆட ஆடச் சிரித்தார். “முனி பாய், ஒரே ஊசில ஊரையே ஓட்டிடுவீங்க போல!”

அக்கா சிரிக்கவில்லை. “அண்ணா, என் ஊசில மருந்தே கிடையாது. வெறும் கம்பி. உள்ள ஓட்டைகூட இல்ல.”

“ஊசின்னா ஊசிதானே மா? நீ டாக்டர்தானே?”

அக்கா கீழே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. டிடி ஊசி தடுக்கிற நோய் ரணஜன்னி; அந்தப் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். வந்துவிட்டால் தாடை இறுகிப்போகும், உயிரே போகலாம் என்றார் அக்கா. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

மற்றவர்களை ஊசியோடு விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊசிகளை எடுத்தார்.

“என்னோடத மொதல்ல எடு. எங்க வலி எங்கயும் ஓடிடாது” என்றார் ஃபாத்திமா ஆன்ட்டி. “எங்க வீட்லயும் சூயின்னா வெறும் ஊசி, மருந்து ஊசி ரெண்டும்தான் மா. அவர் மேல கோவிச்சுக்காத.”

“அவர் மேல இல்ல ஆன்ட்டி” என்று சொல்லி அக்கா கதவைப் பூட்டினார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் அப்பாவைத் திட்டத் தொடங்கியதும் அக்கா குறுக்கே பேசினார். “இவர் பொய் சொல்லல சார். என் போர்டுல டாக்டர்னு இருக்கு. நான் டாக்டர் இல்ல. நான் வெச்சது அக்குபங்சர் ஊசி.” சுற்றி அத்தனை பேர் நின்றிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

காயத்தைத் திறந்து கழுவியபோது உள்ளே செருப்பின் ரப்பர் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்து, டிடி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

அந்த வாரமே போர்டிலிருந்து ‘டாக்டர்’ போய்விட்டது. சக அக்குபங்சர்காரர்கள் கூடும் கூட்டத்தில் அக்கா எழுந்து இதை அப்படியே சொல்லியிருக்கிறார். எல்லோரும் அந்தப் பட்டத்தை எடுக்க வேண்டும், புதிதாக வருகிறவரிடம் ‘இது மருந்து ஊசி இல்லை’ என்று வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

ஹரிஷ்குமார் என்ற சீனியர் சிரித்தாராம். “அதை எடுத்தா யாரும்மா வருவா? அப்புறம் நீ பூரிக் கடைதான் வெக்கணும்.”

“வெச்சா, மாவுல என்ன இருக்குன்னு சொல்லித்தான் சார் விப்பேன்.”

சிலர் எடுத்தார்கள். பலர் இன்னும் எடுக்கவில்லை. அக்காவிடம் வந்துகொண்டிருந்தவர்களிலும் சிலர் நின்றுவிட்டார்கள், டாக்டர் இல்லையாமே என்று. நாற்காலிகள் காலியாகக் கிடந்த நாட்களும் உண்டு. ஆனால் கூடம் மூடவில்லை. ஃபாத்திமா ஆன்ட்டி தன் தெருவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்.

அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். டாக்டரம்மா என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து போகவில்லை. அக்கா முறைத்தால், “சரி மா, டாக்டர் இல்லாத டாக்டரம்மா” என்கிறார்.

என் அப்பா நடமாடுகிறார். அதற்குக் காரணமானவர் தன் தப்பை எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு பெண். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் எழுதினேன். ஆணியோடும் இரும்போடும் வேலை செய்கிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். படிக்க நேரமில்லாதவராக இருந்தால், டீ குடிக்கும்போது வாயாலேயே இந்தக் கதையை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.