லிப்ட்காரர் போட்ட மரத்தரை

எட்டு மாடி ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருடமாக லிப்ட் ஓட்டுகிறவர் அவர். ஏறி இறங்கிய தூரத்தை ஒரே கோடாக நிமிர்த்தினால், நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். தெருவுக்கே அவர் லிப்ட்காரர்தான். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தப் பெண்டாட்டிக்கு முழங்காலில் ஆபரேஷன். மாடிப்படி ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். படுக்கிற அறையோ மாடியில். கீழே அடுப்படியை விட்டால் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறை ஒன்றுதான். அதன் சிமென்ட் தரை அப்படிக் குளிரும். மீன் வாங்கிப் போட்டால் ஒரு வாரம் கெடாது.

"அந்தத் தரையில நான் காலை வெக்க மாட்டேன். இங்கேயே இருந்துக்கறேன், போங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆபீஸில் ரெக்கார்டு ரூமை இடித்தார்கள். பைல் அடுக்கின மர அலமாரிகள் குப்பையோடு குப்பையாக வாசலில் கிடந்தன. மேனேஜரிடம் தலையைச் சொறிந்து நின்று, தள்ளுவண்டியில் நாலு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஒவ்வொரு பலகையும் முள்ளம்பன்றிக்குச் சித்தப்பா, உடம்பெல்லாம் ஆணி. தினமும் வேலை முடிந்து வந்து ஆணி பிடுங்கினார். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் கழன்றது. சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்கவில்லை.

பெண்டாட்டியின் தம்பி தச்சு வேலைக்காரன். "நான் வந்து போட்டுத் தர்றேன் மாமா. நீங்க பட்டன் அமுக்கின கையி" என்றான்.

"உங்க அக்கா காலு படற தரைடா. நானே போடறேன். நீ உன் தச்சுச் சாமானை மட்டும் குடுத்துட்டு நடையைக் கட்டு."

அவள் வீடு திரும்பும் நாள் வந்தது. அழைத்துவரத் தம்பி போயிருந்தான். கடைசி நாலைந்து வரிசைதான் பாக்கி. அடுப்படியில் தூசி படிந்தால் ஒரு மாதம் அதே பேச்சாக இருக்கும் என்று பயந்து, அறைக் கதவை உள்பக்கமிருந்து சாத்திக்கொண்டார். தரையில் சட்டங்கள் கொடுத்து, அவற்றின்மேல் பலகையை வைத்து, கடைசி ஆணியைக் கதவடியில் அடித்து முடித்தார். தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து கதவை இழுத்தார்.

அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. புதுத்தரை மூன்று அங்குலம் உயர்ந்து நின்றது. கதவு ஒரு நூல் அசையவில்லை. ஜன்னலிலோ இரும்புக் கம்பி.

முப்பத்தோரு வருடத்தில் லிப்டுக்குள் யாரையும் அஞ்சு நிமிஷம் மாட்டவிட்டதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர், அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"எங்கே உங்க மாமா?" என்றாள் வெளியே அவள்.

"உள்ளேதான் இருக்கேன்."

"வந்து கையைப் பிடிக்கக்கூடாதா?"

"கதவு திறக்க மாட்டேங்குது."

தம்பி கதவடியைக் குனிந்து பார்த்தான். பிறகு ஓடு பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "அக்கா, மாமா தன்னையே உள்ளே வெச்சு ஆணி அடிச்சுக்கிட்டாரு!"

"அய்யோ லிப்ட்காரரே! எந்த மாடியில நிக்கிறீங்க?"

"சிரிக்காதடி. உன்னால எவ்வளவு நேரம் நிக்க முடியும்?"

"நிக்கல, நாற்காலியில உக்காந்துட்டேன். ஆனா ரொம்ப நேரம் தாங்காது."

அதைக் கேட்டதும் எங்கிருந்தோ தெம்பு வந்தது. தம்பி வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, கீல்களின் கம்பியை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டி எடுத்தார். கதவின் தலைப்பக்கம் உள்ளே சாய்ந்து, மொத்தக் கனமும் அவர் முதுகில் இறங்கியது. கதவைச் சுமந்துகொண்டு நின்றபடி, பத்து நாளுக்குப் பிறகு வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து அறை வாசல்வரை வந்தாள். மூன்று அங்குலப் படி. காலைத் தூக்கிப் பார்த்தாள். முட்டி கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

லிப்ட்காரர் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த மூன்று அங்குலத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"பலகைத் துண்டு மிச்சம் இருக்கா மாமா?" என்றான் தம்பி. சிரிப்பை நிறுத்தியிருந்தான். "சரிவா ஒண்ணு அடிச்சிடலாம். நீங்க நகருங்க."

"நான் பலகையைப் பிடிச்சுக்கறேன்டா" என்றவர், அதற்கென்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரத்தில் சரிவு தயார். அவள் நடைச்சட்டத்தை முன்னே தள்ளித் தள்ளி ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைப் பலகைமேல் வைத்தாள். விரல்களை விரித்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"சில்லுன்னே இல்லீங்க" என்றாள்.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. சுவரோரம் சரிந்து, பலகை இழைத்த மரச்சுருள்களின்மேலேயே தூங்கிப்போயிருந்தார். எழுப்பப் போன தம்பியைக் கண்ணாலேயே அதட்டினாள்.

"கட்டிலை அந்தப் பக்கமா போடுடா. சத்தம் போடாம."