கட்டிலும் அடுப்பும் உப்பும்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னின் கிளேட்டனில் படிக்க வந்த எனக்கு, ஒரு ஸ்பானியப் பெண்மணியின் வீட்டில் அறை கிடைத்தது. நாற்பது வயது மதிக்கலாம், தனியாள். அவருடைய நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சத்திரம் நடத்திய குடும்பமாம். போன அன்று கட்டிலைக் காட்டினார், குசினியில் சமைக்கும் அடுப்பைக் காட்டினார், உப்புப் போத்தலையும் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் யாழ்ப்பாணத்தான். அடுத்த வீட்டுக் குசினிக்குள் கால் வைப்பேனா? "சாப்பிட வாங்கோ" என்று கூப்பிடும்வரை காத்திருப்பதுதானே மரியாதை. காத்திருந்தேன். முதல் நாள் பிஸ்கட்டுடன் போனது. இரண்டாம் நாள் வெங்காயம் வதங்கும் மணம் மாடியில் என் அறைக்கு வந்தது, அழைப்பு வரவில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்கு மானம் மட்டும் அசையவே இல்லை. மூன்றாம் நாள், இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரி உண்டா என்று பெட்டியைக் கட்டினேன்.

எனக்கு முன் அதே அறையில் இருந்த நண்பன்தான் ஏற்றிப்போகக் காருடன் வந்தான். கீழே அவருடன் கதைத்துவிட்டு மேலே வந்தான்.

"வீட்டுக்கார மனிசி அழுதுகொண்டு நிக்குது. தன்ர குசினி சுத்தமில்லையெண்டுதான் நீர் அடுப்பைத் தொடேல்லையாம்."

"அவ கூப்பிடேல்லையே. நான் எப்பிடிப் போறது?"

"அவையின்ர சத்திரங்களிலை கட்டிலும் அடுப்பும் உப்பும்தான் குடுக்கிறது. வாறவன் சாமான் கொண்டந்து தானே சமைக்கவேணும். உமக்குச் சொல்ல மறந்துபோனன்."

அவனை அறையலாம் போலிருந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கடைக்கு ஓடி அரிசியும் பருப்பும் வாங்கிவந்தேன். கட்டிய பெட்டியை அவிழ்த்து, அம்மா தந்துவிட்ட மிளகாய்த்தூளை எடுத்தேன். சமைத்து முடிந்தபோது வீடே தும்மியது.

மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டுவிட்டு, குசினி வாசலில் நின்ற வீட்டுக்காரியை ஆங்கிலத்தில் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். வழிப்போக்கர் சமைத்ததைச் சத்திரக்காரர் தொடுவதில்லையாம்.

"எங்கட ஆக்கள் சாப்பிடக் கூப்பிட்டா ஒருத்தரும் மறுக்கிறேல்லையெண்டு சொல்லும்" என்றான் நண்பன். சொன்னேன்.

தயங்கித்தான் உட்கார்ந்தார். மூக்கு ஒழுகியது, ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. பாதிச் சோற்றில் நிமிர்ந்து, தன் அரைகுறை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்குப் படுக்கை விரித்திருக்கிறாராம். வா, சாப்பிடு என்று ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லையாம்.